மூன்று நிறுவை, ஒரு தலை

பதுளைப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த எங்களில் பலருக்கு இந்தக் காட்சி தெரியும். காலை, மதியம், பின்னேரம் என்று நாளுக்கு மூன்று முறை கொழுந்து நிறுப்பாங்க. தராசு காட்டும் கிலோவில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழியும். மிச்சத்தைக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். கூட்டுத்தொகை நோம் கிலோவைத் தொட்டால் முழுப்பேர், தொடாவிட்டால் அரைப்பேர். பின்னேரம் சண்டை வரும். "நான் எடுத்தது கூட, எழுதினது குறைய" என்பார் அம்மாயி. "உனக்கு ஞாபகம் இல்ல" என்று பதில் வரும்.

அந்தப் பதில் நியாயமானதுதானா? ஞாபகத்தை அளந்தவர்களின் வரலாற்றில் கொஞ்சம் தேடிப் பார்த்தோம்.

1887இல் இலண்டனில் ஜோசப் ஜேகப்ஸ் என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்களை வரிசையாகச் சொல்லி, உடனே திருப்பிச் சொல்லச் சொன்னார். வகுப்பில் முன்னணியில் இருந்தவர்கள் நீளமான வரிசையைச் சொன்னார்கள். 1905இல் பிரான்சில் பினே தயாரித்த அறிவுச் சோதனையிலும் எண் திருப்பிச் சொல்வது சேர்ந்துகொண்டது. ஞாபகம் குறைந்தால் அறிவும் குறைவு என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றியது. இதே காலத்தில்தான் ஊவா மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார்.

1956இல் அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர், மனிதர் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கக்கூடியது ஏறத்தாழ ஏழு விடயங்கள் என்றார். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் பாத்திரம் சின்னதுதான். 1959இல் பீற்றர்சன் தம்பதியர் இன்னொன்றைக் காட்டினார்கள். மூன்று எழுத்தைக் கொடுத்துவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ண வைத்தால், 18 செக்கனுக்குள் பெரும்பாலும் மறந்துபோகும். 1974இல் அலன் படெலியும் கிரஹம் ஹிச்சும் இதற்குத் தொழிற்படு ஞாபகம் என்ற விளக்கத்தைக் கொடுத்தார்கள். பிடித்து வைக்கும் அதே இடத்தில்தான் கூட்டலும் கழித்தலும் நடக்க வேண்டும். எண்ணை மனசுக்குள்ளே முணுமுணுத்துக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும்.

இப்போ தராசடிக்கு வருவோம். காலை 7, மதியம் 9, பின்னேரம் 6 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1 கழியுங்க. 19 வருது. நோம் 18 என்றால் முழுப்பேர். எங்கேயோ இரண்டு கிலோ குறைந்தால் 17, அரைப்பேர்! ஆனா அம்மாயி இதை அமைதியாக உட்கார்ந்து செய்யவில்லை. அவர் எண் சொன்னதும் அடுத்தவர் எண் காதில் விழுது, சாக்கைத் தூக்கணும், மலைக்கு ஏறணும். முணுமுணுக்க இடமே இல்லை. பீற்றர்சன் சோதனை அங்கே தினமும் மூன்று தடவை நடந்தது என்று சொல்லலாம்.

இன்னொரு ஆய்வும் உண்டு. வேல்ஸ் மொழியில் சோதித்தபோது பிள்ளைகளின் எண் ஞாபகம் ஆங்கிலப் பிள்ளைகளை விடக் குறைவாகத் தெரிந்தது. 1980இல் எல்லிஸும் ஹெனெலியும் காரணத்தைக் கண்டார்கள். வேல்ஸ் மொழி எண்களை உச்சரிக்கக் கூடுதல் நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகளில் குறையில்லை. குறை அளந்த விதத்தில்.

தோட்டத்திலும் அப்படித்தான். செக்ரோல் ஒருவர் கையில், மற்றவருக்குத் தலை மட்டும். இது நிறுவைக்கு முந்திய கதை. தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, ஓர் ஆளை எந்தத் தோட்டம் எடுப்பது என்பதையே அந்தச் சீட்டில் இருந்த தொகை முடிவு செய்தது. அதை வாசிக்கத் தெரியாதவரிடம் போய் ஞாபகத்தைக் கேட்பது என்ன நியாயம்?

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி குறைவு" என்று இன்றைக்கும் சொல்றவங்க இருக்காங்க. அவர்களிடம் மில்லரைச் சொல்லுங்க, வேல்ஸ் பிள்ளைகளைச் சொல்லுங்க. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார் என்றால், ஒவ்வொரு நிறுவைக்குப் பிறகும் ஒரு போன் எடுக்கச் சொல்லி, எண்ணை நீங்களே எழுதி வையுங்க. பின்னேரம் அவர் ஞாபகத்தை நம்பி மட்டும் பேச வேண்டி வராது.