ஒப்புதல் யாருடையது? பெரம்பலூர், அரியலூர் தலித் பெற்றோரும் பணிநேரமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காட்டினர். பெரம்பலூரில் இது ஏறத்தாழ 31 விழுக்காடு, அரியலூரில் 23. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவற்றை நம்பிய கூலி வேலை பருவத்தோடு முடிந்துவிடும். எனவே நிலமற்ற குடும்பங்களுக்கு ஆலை வேலை என்பது மாதச் சம்பளத்துக்கான வழி மட்டுமன்று. நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து விலகும் வழியும் ஆகும்.

அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் நெடுங்காலமாக உள்ளன. அண்மையில் வந்திருப்பது பெண்களைப் பெருமளவில் அமர்த்தும் காலணித் தொழில். பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் காலணி ஆலை திறக்கப்பட்டது. செயங்கொண்டத்தில் 15,000 பேருக்கு வேலை என்ற அறிவிப்போடு 2024 நவம்பரில் மற்றோர் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

வேலை கிடைத்த பின் எழும் கேள்வி, பணிநேரத்தை முடிவு செய்வது யார் என்பதே. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிலாளர் விரும்பினால் மட்டுமே என்று அரசு விளக்கியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைப்படுத்திய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை அவர்களது ஒப்புதலோடு பணியில் அமர்த்த இடமளிக்கின்றன.

நாளை நீக்கப்படலாம் என்ற நிலையில் உள்ள ஒப்பந்தத் தொழிலாளி எப்படி மறுப்பார்? குழந்தைக்குக் காய்ச்சல் என்று மிகைநேரப் பணியை மறுத்தால், மறுநாள் வேலை இருக்குமா என்பதே அவரது அச்சம். பணிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஒப்புதல் வெறும் கையெழுத்தே.

இதற்குரிய கருவி தமிழ்நாட்டிலேயே உண்டு. 1981ஆம் ஆண்டின் பணிநிரந்தரச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும். ஒப்பந்ததாரர் பெயர் மாறிக்கொண்டே இருந்தால் இதை மெய்ப்பிப்பது கடினம். ஆகவே சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கேடு, இஎஸ்ஐ அட்டை ஆகியவற்றைத் தொழிலாளர்கள் பத்திரப்படுத்துவது இன்றியமையாதது.

அடுத்தது குழந்தைகள் காப்பகம். 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். புதிய தொகுப்பு ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து 50 பேருக்கு மேல் என்கிறது. தந்தையரும் கணக்கில் வருவது முன்னேற்றமே. ஆனால் காலனியிலிருந்து பேருந்தேறி வரும் தாய் கைக்குழந்தையோடு ஷிப்ட் நேரத்துக்குள் ஆலைக்கு வந்து சேர முடியாது. காப்பகம் குடியிருப்புக்கு அருகிலும் இருக்க வேண்டும். அது ஷிப்ட் முடியும்வரை திறந்திருக்க வேண்டும்.

காலையிலேயே வேலைக்குக் கிளம்பும் பெற்றோரின் சுமையை, 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஓரளவு குறைத்தது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கும் அத்தகைய ஏற்பாடு தேவை. சிப்காட்டில் நிலம் ஒதுக்கும்போதே காப்பகத்தையும் 480 நாள் விதியையும் நிபந்தனைகளாக்குவது அரசின் கையில்தான் உள்ளது.