பதிவேட்டில் இல்லாத இல்லறங்கள்: கொங்கு நாட்டு வரலாறு கற்பிப்பது

ஓலை வாசித்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்று, மணமக்களை ஆசீர்வதிக்கும் போதகர்களாகிய நமக்கு, பதிவேட்டில் இடம்பெறாத இல்லறங்களைக்குறித்துப் பேசுவது எளிதன்று. ஆயினும் இப்பொருளில் கொங்கு நாட்டு வரலாறு நமக்குக் கற்பிப்பது உண்டு.

ஈரோட்டில் பிறந்த பெரியாரின் சுயமரியாதை இயக்கம் புரோகிதரும் சடங்குமின்றித் திருமணங்களை நடத்திவைத்தது. அத்தகைய மணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரறியக் கூடிவாழ்ந்தோர் சட்டத்தின் முன் மணமாகாதவர் ஆயினர். அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த காலத்தில், 1967இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் இத்திருமணங்களை ஏற்றது; முன்னர் நடந்தவற்றுக்கும் செல்லுபடி அளித்தது. வாழ்க்கை முந்தியது, சட்டம் பிந்தி வந்தது.

மணச்சடங்கு எதுவுமில்லாத கூட்டுவாழ்வின் நிலை என்ன? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் காவல் அளித்தது. அவ்வுறவு யாதென உச்சநீதிமன்றம் 21.10.2010 அன்று விளக்கியது, கோயம்புத்தூர்க் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கிலேயாம். இருவரும் மணவயது நிரம்பியவராய், வேறு மணமின்றி, சமுதாயத்தின் முன் தம்பதியர்போல, விரும்பிக் கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கவேண்டும் என்பது அதன் சாரம். எதிர்வாதியின் முதல் மனைவி எனப்பட்டவர் விசாரிக்கப்படாமையால், வழக்கு கோவைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு பெண்ணுக்கு நீதி வழங்குகையில் மற்றொரு பெண்ணையும் கேட்கவேண்டும் என்ற இந்நெறி நாம் கருதத்தக்கது.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சியது. ஏற்கெனவே மணமானவனோடு வாழ்ந்து கைவிடப்பட்டவள் அந்நிபந்தனைகளுக்குப் புறம்பானாள். திருமணத்தை ஒத்தவையென ஏற்கப்படாத உறவுகளிலுள்ள பெண்களுக்கும் அவற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் பாதுகாப்பளிக்கத் தக்க சட்டம் இயற்றுமாறு 2013இல் உச்சநீதிமன்றமே பாராளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

திருமணத்தின் தூய்மையை நாம் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் இவ்வரலாற்றில் சட்டம் அவ்வுறவுகளைப் புகழ வரவில்லை. கைவிடப்பட்டவளின் பசியை விசாரிக்க வந்தது. ஆபிரகாமின் வீட்டிலிருந்து அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமாக அனுப்பப்பட்ட ஆகாரை நாம் அறிவோம். வனாந்தரத்தில் தேவன் அவளிடம் மணச்சான்று கேட்கவில்லை. பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார். பிள்ளையோடு ஒருத்தி நம் குருமனை வாசலில் நிற்கும்போது, நாம் முதலாவது எடுப்பது திருமணப் பதிவேட்டையோ, அவளுக்கு ஒரு செம்புத் தண்ணீரையோ?