சைப்ரஸ்: பகிர்ந்த தீவும் பிரிந்த தீவும்

மத்தியதரைக் கடலின் கிழக்கில் அமைந்த தீவு சைப்ரஸ். அரபு வரலாற்றாசிரியர்கள் இதனைக் குப்ருஸ் என்பர். கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே இதன் கிரோகிட்டியாவில் மக்கள் வட்டவடிவ வீடுகளில் வாழ்ந்தனர். பின்னர் இதன் செம்பு கடல் வணிகத்தின் பெரும்பொருளாயிற்று.

கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்தில், ஹிஜ்ரி 28இல் (கி.பி. 649), சிரியாவின் ஆளுநர் முஆவியா (ரலி) கடற்படையுடன் இங்கு வந்தார். உடன்வந்த நபித்தோழி உம்மு ஹராம் (ரலி) வாகனப் பிராணியிலிருந்து விழுந்து மறைந்தார். லார்னகா உப்பேரிக் கரையில் அவருடையதெனப் போற்றப்படும் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

688ஆம் ஆண்டு உடன்படிக்கை நம் சிந்தனைக்குரியது. கலீஃபா அப்துல் மலிக்கும் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியனும் தீவின் வரி வருவாயைப் பகிர்ந்துகொள்ள இசைந்தனர். இடையிடையே போர்கள் மூண்டபோதும், 965இல் பைசாந்தியர் தீவை முழுமையாகக் கைப்பற்றும்வரை இருதரப்புக்கும் இடைப்பட்ட நிலமாகவே அது விளங்கிற்று.

பிறகு லூசிஞ்ஞன் மரபினர், வெனிசியர், 1571 முதல் உஸ்மானியர், 1878 முதல் ஆங்கிலேயர் என ஆட்சி கைமாறியது. 1960இல் விடுதலை பெற்ற குடியரசில் கிரேக்க, துருக்கிய சமூகங்கள் அதிகாரத்தைப் பகிர்ந்தன. 1963இறுதியில் அவ்வேற்பாடு கலவரத்தில் சிதைந்தது. 1974இல் கிரேக்க இராணுவ ஆட்சியாளர் தூண்டிய ஆட்சிக் கவிழ்ப்பும், தொடர்ந்த துருக்கியப் படையெடுப்பும் தீவைத் துண்டாடின. 2004 வாக்கெடுப்பில் இணைப்புத் திட்டத்தைத் துருக்கிய சைப்ரியர் ஏற்றனர். கிரேக்க சைப்ரியர் மறுத்தனர்.

உம்மு ஹராம் (ரலி) தலம் தெற்கில். கிரேக்கர் போற்றும் அப்போஸ்தலர் அந்திரேயா மடாலயம் வடக்கில். 2003இல் கடவைகள் திறக்கப்பட்டபின், இரு சமூகத்தாரும் பிரிவினைக் கோட்டைத் தாண்டியே அங்குச் செல்கின்றனர். பேரரசுகள் வருவாயைப் பகிர முடிந்த தீவில், அண்டை வீட்டார் மண்ணைப் பகிர இயலாமற்போனது நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய படிப்பினையாகும்.