தளமும் தராசும் கன மீட்டரும்: வங்கக் கடல் கடந்த தமிழர் பயணச் சுமைகளின் வரலாறு

முன்னுரை

கடல் கடந்த தமிழர் பற்றிய ஆய்வுகள் ஆட்களை எண்ணியிருக்கின்றன. கூலியையும் கடனையும் கணக்கிட்டிருக்கின்றன. அவர்கள் கொண்டுபோன மூட்டை முடிச்சுகளுக்கு அவற்றில் கிடைத்த இடம் குறைவு. ஊர் பெயர்ந்து போகிறவர், எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுச்செல்வது என்று தாமே முடிவு செய்வதாக நினைக்கிறார். அந்த முடிவில் பாதியைக் கப்பல் நிறுவனமும் சுங்கத் துறையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும்.

வங்கக் கடலைக் கடந்த தமிழரின் உடைமைகள் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டன என்பதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இன்றுவரை இக்கட்டுரை பின்தொடர்கிறது. இடம், மதிப்பு, எடை, கன அளவு என நான்கு அளவுகோல்கள் அடுத்தடுத்து வலுப்பெற்றன. புதியது வந்ததும் பழையது மறைந்துவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. ஒவ்வோர் அளவுகோலும் ஒரு வகைப் பயணிக்கு வாய்ப்பாகவும் இன்னொரு வகையினருக்குச் சுமையாகவும் அமைந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1. பாய் விரித்த இடம்

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்குச் சென்ற நீராவிக் கப்பல்களில் பெரும்பாலோர் தளப் பயணிகள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ இவ்வழியில் மிக நீண்ட காலம் ஓடியது. தொடக்கத்தில் அதற்கு 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. ஏறத்தாழ ஒரு வாரப் பயணத்தில், பாய் விரித்த இடமே இருக்கை, படுக்கை, சரக்கறை எல்லாம்.

எத்தனை பேரை ஏற்றலாம் என்பதைச் சட்டம் தளத்தின் சதுர அடியைக் கொண்டு வகுத்தது. ஆகவே பக்கத்தில் வைத்துக்கொண்ட ஒவ்வொரு பெட்டியும் கால் நீட்டும் இடத்தில் கைவைத்தது. தகர டிரங்குப் பெட்டியின் மூடியில் பெயிண்டால் எழுதிய பெயர், ஊர், இறங்கும் துறை. உள்ளே மாற்றுத் துணி, பித்தளைச் சொம்பு, ஊறுகாய், வடகம், குலதெய்வத்தின் திருநீறு. அந்தப் பெட்டியே பகலில் இருக்கை, இரவில் தலைமாடு. பெட்டிக்கும் உடையவருக்கும் இடையே யாரும் இல்லாததால் பட்டியலோ ரசீதோ தேவைப்படவில்லை. காவல், உடையவரின் கண்தான்.

நாகப்பட்டினத்தில் ஆழமில்லாததால் கப்பல் கரையணையாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பெட்டியும் படகில் போய்ச் சேர வேண்டும். அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து கப்பலுக்கு மாற்றும்போது அடிபட்டாலும் பிளக்காத, இருவர் தூக்கக்கூடிய பெட்டியே உதவும். மரப்பெட்டியைவிடத் தகரப் பெட்டி இவ்வழியில் செல்வாக்குப் பெற்றதற்கு இந்தப் படகு மாற்றமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அறை வகுப்புப் பயணிகளின் கதை வேறு. அவர்களுடைய பெட்டிகளில் ‘பயணத்தில் தேவை’, ‘பயணத்தில் தேவையில்லை’ என்ற பொருள்படும் ஆங்கில வில்லைகள் ஒட்டப்பட்டன. தேவையற்றது கப்பலின் அடிவயிற்றுக்குப் போனது. உடைமையைக் கண்காணாத இடத்தில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது அன்று வசதி படைத்தவர்களின் சலுகையாக இருந்தது.

கங்காணி முறையில் சென்ற தோட்டத் தொழிலாளர்களின் பயணச் செலவை, 1907இல் மலாயாவில் உருவான குடியேற்ற நிதி ஏற்றது. நிதி ஏற்றது ஆளை, வீட்டை அன்று. பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவு போன்ற தொற்றுத் தடுப்பு முகாம்களில் தங்கித்தான் பலர் தோட்டம் போய்ச் சேர்ந்தார்கள். அம்முகாம்களில் துணிமணிகூட நோய் சுமக்கும் பொருளாகச் சந்தேகிக்கப்பட்டது. அதே கடலில் நகரத்தார் வீடுகளுக்கான பர்மாத் தேக்கு, சரக்குச் சீட்டுடன் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தது. ஒருவருக்குத் தளத்தில் சில சதுர அடி, இன்னொருவருக்குச் சரக்கறை முழுவதும் என்ற இந்த ஏற்றத்தாழ்வு, பின்வந்த அளவுகோல்களிலும் தொடர்ந்தது.

2. ரூபாயில் அளந்த உடைமை

நாடுகள் விடுதலை பெற்றபின், கப்பலில் இடமிருக்கிறதா என்ற கேள்வி பின்னுக்குப் போய், நாட்டின் செல்வம் வெளியேறுகிறதா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. பர்மாவில் 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. வெளியேறிய இந்தியர்கள் பணமும் நகையும் எடுத்துவரக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. கப்பலில் இடம் இருந்தும் எடுத்துவர அனுமதி இல்லாத நிலை அது.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட சொத்துகளை அவர்கள் கொண்டுசெல்லலாம் என்றது. ஒரு குடும்பம் கொண்டுசெல்ல அனுமதிக்கும் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் அதில் ஒரு விதி உண்டு. தலைமுறைகளாகத் தேயிலைக்கு உழைத்த குடும்பங்களின் உடைமை, இரு அரசுகளின் பேச்சுவார்த்தையில் ஒரே எண்ணாகச் சுருங்கியதை இதில் காணலாம்.

அதே ஆண்டு டிசம்பர்ப் புயல், தலைமன்னார்க் கப்பல்கள் வந்தணைந்த தனுஷ்கோடியை அழித்தது. எனவே தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்கு வந்து, மண்டபம் முகாம் வழியாகப் பலர் உள்நாடு சென்றார்கள். அவர்களிடம் இருந்த கொழுந்து பறிக்கும் திறமையை எந்தப் படிவமும் அளக்கவில்லை. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலருக்குச் சோறு போட்டது அந்தத் திறமைதான்.

3. கிலோ கணக்கும் குருவிகளும்

விமானத்துக்கு எடையே எல்லை. 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை, காணாமற்போன பெட்டிக்கான இழப்பீட்டைக்கூடக் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் வகுத்தது. பட்டுச் சேலையும் பழைய பாத்திரமும் அந்தக் கணக்கில் ஒன்று. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைதான் எடையை விட்டுவிட்டு, பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று மாற்றியது. இந்தியா அதில் 2009இல் இணைந்தது.

ரஜூலா 1970களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு இவ்வழிக் கப்பல் பயணம் முடிவுக்கு வந்தது. கப்பலில் சிங்கப்பூர் போய்வந்தவர் தையல் இயந்திரம் வரை கொண்டுவர முடிந்தது. விமானத்தில் வந்தவர் 20 கிலோவுக்குள் கனவுகளை மடித்து வைக்க வேண்டியிருந்தது.

இங்கே எடையும் மதிப்பும் கைகோத்தன. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் பயணியின் உண்மையான சொந்த உபயோகப் பொருளுக்கு வரிச்சலுகை தந்தது. எதெல்லாம் அதில் அடங்கும், எவ்வளவு வரை என்பதைப் பயணச் சுமை விதிகள் வகுத்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் இந்தச் சலுகையே ஒரு தொழிலை உண்டாக்கியது. கூலிக்குப் பறந்துபோய், சலுகை வரம்புக்குள் பொருள் கொண்டுவந்து கொடுப்பவர்களைச் சென்னையும் திருச்சியும் ‘குருவி’ என்றன. டேப் ரெக்கார்டரும் வாசனைத் திரவியமும் கோடாலித் தைலமும் இவ்வழியில் வந்தன. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்காகச் சென்னைக் கடற்கரைச் சாலையில் அமைந்த பர்மா பஜார், வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பேர்பெற்ற சந்தையாயிற்று. எடுத்துவர அனுமதி மறுக்கப்பட்ட ஒரு கூட்டம், எடுத்துவர அனுமதிக்கப்பட்ட பொருளை விற்றுப் பிழைத்தது.

4. கன மீட்டர்

1956 ஏப்ரல் 26இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கரின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கண்டெய்னர் யுகத்தின் தொடக்கமாக அதையே குறிப்பது வழக்கம். சென்னைத் துறைமுகத்தில் தனிக் கண்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. பயணிக் கப்பல் நின்றுபோவதற்குச் சற்று முன்பு. ஆள் வானத்திலும் வீட்டுச் சாமான் கடலிலும் போகும் பிரிவு இங்கே முழுமை பெற்றது.

20 அடிக் கண்டெய்னரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். அதை நிரப்பும் அளவுக்குச் சாமான் இல்லாதவர், பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்புகிறார். கட்டணம் கன மீட்டருக்கு. பிரிக்க முடியாத சோபா நூல்களைவிட அதிகச் செலவு வைப்பது இதனால்தான். விமானச் சரக்கிலும் இந்த அளவுகோல் நுழைந்துவிட்டது. 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள அட்டைப்பெட்டியில் தலையணையும் கம்பளியும் வைத்தால் தராசு 9 கிலோ காட்டலாம். ஆனால் கன சென்டிமீட்டரை 6,000ஆல் வகுக்கும் வழக்கமான முறையில் அது 20 கிலோ. கட்டணம் இரண்டில் பெரியதற்கு.

உடையவரை விட்டுப் பிரிந்த பெட்டி சட்டத்தின் கண்ணிலும் வேறு பொருளாகிவிடுகிறது. கப்பலைக் காப்பாற்ற நேர்ந்த செலவைச் சரக்கு உடையவர்கள் அனைவரும் பகிரும் வழக்கத்தை யார்க் – ஆண்ட்வெர்ப் விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. பயணியுடன் செல்லும் உடைமைக்கு அவை விலக்கு அளிக்கின்றன. தனியே அனுப்பிய வீட்டுச் சாமானுக்கு அந்த விலக்கு இல்லை. 2021இல் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ சிக்கியபோது இத்தகைய பகிர்வு அறிவிக்கப்பட்டது. காப்பீடு இல்லாமல் அனுப்புவோர், தம் பொருளுக்கு ஒரு கீறலும் படாமலே பணம் கட்ட நேரலாம்.

பொதிகட்டும் மரத்துக்கும் விதி உண்டு. மரத்தோடு பூச்சிகள் நாடு தாண்டுவதைத் தடுக்க 2002இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தரம், மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற வேண்டும் என்பதை ஒரு முறையாக வைத்தது. அதற்கான முத்திரை இல்லாத மரச்சட்டம் துறைமுகத்திலேயே தடைபடலாம். ஒரு காலத்தில் ஜெரெஜாக் தீவில் பயணியின் துணிமணிமேல் விழுந்த சந்தேகம், இன்று அவர் பெட்டியின் மரத்தின்மேல் விழுகிறது.

முடிவுரை

இன்று குடிபெயர்கிறவர் நான்கு அளவுகோல்களையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். கைப்பைக்கு இடம், விமானப் பெட்டிக்கு எடை, கண்டெய்னருக்குக் கன அளவு, சுங்கத்துக்கு மதிப்பு. டிரங்குப் பெட்டிக்காரருக்குத் தேவைப்படாத பட்டியல், இப்போது எல்லாவற்றையும் இணைக்கும் ஆவணமாகிவிட்டது. ‘இதர வீட்டுப் பொருள்கள்’ என்று எழுதிய பெட்டி சோதனைக்கு நிறுத்தப்படவும், இழப்பீடு கோரும்போது தள்ளப்படவும் இடம் கொடுக்கிறது.

அளவுகோலின் பாரபட்சமும் தொடர்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகள், வெளிநாட்டில் 2 ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்து குடிபெயர்ந்து திரும்புவோருக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுப் பொருள்களுக்குச் சலுகை தந்தன. தனியே வரும் சுமையைப் பயணி வந்து 1 மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்றன. காகிதத்தில் இச்சலுகை, ஆண்டுக் கணக்கு நிறைந்த அனைவருக்கும் பொது. நடைமுறையில், அங்கே ஒரு வீடு வைத்திருந்தவருக்கே அது பயன்படும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பலர் உறங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வைத்திருந்த தொழிலாளி, அதே 2 ஆண்டுகளை முடித்தாலும் கண்டெய்னர் நிரப்பப் போவதில்லை. அவருக்கு உதவுவது விமானத்தில் கூடுதலாகக் கிடைக்கும் 10 கிலோதான். பயணச் சுமை விதிகளைத் திருத்துவோர் ரூபாய் வரம்பை உயர்த்துவதோடு நிறுத்திக்கொண்டால் பயன் ஒரு தரப்புக்கே போகும். கிலோவையும் கணக்கில் எடுத்தால்தான் பெரும்பான்மைப் பயணியரை அது எட்டும்.