கூடிப் பேசிய வரலாறு

யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டபோது, கோவில் எழும்பிய ஆண்டு, மணி வந்த விதம், பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவற்றையே அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் முறையாக வந்துள்ளன. நாம் இங்கு எழுத விழைவது வேறொரு வரலாறு. மக்கள் ஒன்றாக அமர்ந்து, 'நாம் ஒரு சமூகம் என்கிறோமே, அதற்குப் பொருள் என்ன?' என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்ட வரலாறு அது.

இதன் தொடக்கம் ஒரு முணுமுணுப்பு என்றால் சிலருக்கு வியப்பாயிருக்கும். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்று குறை எழுந்தது. திருத்தூதர் பன்னிருவரும் அதை வீண்பேச்சு என்று ஒதுக்கவில்லை. சீடர் அனைவரையும் கூட்டினர். எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டனர். தெரிவான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, பொறுப்பும் அந்தப் பக்கத்திற்கே போயிற்று என்று கொள்ளலாம். சோற்றைப் பற்றிய பேச்சு அது. ஆனாலும் திருச்சபை கூடிப் பேசிய முதல் பேச்சுகளுள் ஒன்று.

நம் தமிழ்நாட்டிற்கும் கூடிப் பேசும் மரபு புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகச் சொல்லுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பள்ளிப் புத்தகத்தில் இதைப் படித்துப் பெருமைப்படாதவர் இலர். ஆனால் அக்கல்வெட்டையே இன்னும் சற்று வாசித்தால், கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக்கல்வியும் உடையவருக்கே அக்குடத்தில் ஓலை உண்டு என்பது தெரியவரும். நிலமற்றவனுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சபையில் இடமில்லை. கூட்டம் எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதோடு, கூட்டத்திற்கு வெளியே நின்றவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வரலாறு என்பது நம் கருத்து.

இதே அளவுகோலை நம் திருச்சபையின்மீதும் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். தத்துவ போதகர் என்று போற்றப்படும் இராபர்ட் தெ நோபிலி அடிகள் 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். இச்சேலத்துச் சமவெளியில் விசுவாசத்தின் விதை விழுந்த காலம் அது. அவருடைய தமிழும் தவமும் நமக்குப் பெருமை. ஆயினும் உயர்குலத்தாருக்கு ஒருவகைக் குருவும், மற்றவர்க்குப் பண்டாரசுவாமிகள் என்ற வேறுவகைக் குருவும் என்ற ஏற்பாடு அந்த மறைத்தளத்தில் வளர்ந்தது. இரு சாராரும் ஒரே பாயில் அமர்ந்து பேசும் வாய்ப்பு அந்த ஏற்பாட்டில் இல்லை.

1844-இல் ஆயர் பொன்னான் ஆண்டகை புதுச்சேரியில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதும், சிறுவர் சிறுமியர் கல்வியும் அங்கு முக்கியமாகப் பேசப்பட்டன. அவ்வாண்டிலேயே புதுச்சேரியில் துய்ப்புயி அடிகளார் பெண்களின் கல்விக்கென ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் எழுத்துக் கற்பதா என்று ஊரார் முகம் சுளித்த காலம் அது என்பதை மறக்கலாகாது. பலன் மிகுந்த சங்கம்தான். ஆனால் அங்கு அமர்ந்து பேசியவர்கள் குருக்களே. விசுவாசிகள் முடிவைக் கேட்டுக்கொண்டார்கள்.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தைப் பற்றி எழுதலாமா என்று சற்றே தயங்கினோம். யூபிலி மலரில் இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இருந்தாலும் எழுதுகிறோம். அங்கே ஒரே கோவிலுக்கு இரண்டு சாலைகள். ஒரு சாதியார் ஒன்றிலும் மற்றவர் மற்றொன்றிலும் நின்று பூசை கண்டனர். பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, நடுவில் தடுப்பு. 1910-இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. கோவிலுக்குள் வேலி வேண்டும் என்று நீதிமன்றப் படியேறியவர்களும் திருமுழுக்குப் பெற்றவர்களே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) இவ்விஷயத்தில் ஒரு திருப்புமுனை. திருச்சபையைப் பற்றிய கொள்கைத் திரட்டு 1964 நவம்பரில் வெளியிடப்பட்டபோது, ஆயர்களைப் பற்றிய அதிகாரத்திற்கு முன்னதாக 'இறைமக்கள்' என்ற அதிகாரம் வைக்கப்பட்டிருந்தது. வெறும் அதிகார வரிசைதானே என்பார் உண்டு. குருமடத்தில் நமக்குக் கற்பித்த பேராசிரியர் ஒருவர் அந்த வரிசையை விளக்கவே ஒரு முழு வாரத்தைச் செலவிட்டார். அப்போது நமக்குக் கொட்டாவி வந்தது உண்மை.

சங்கத்தின் எதிரொலியாக 1969 மே மாதத்தில் பெங்களூர் தர்மாராம் கல்லூரியில் 'இன்றைய இந்தியத் திருச்சபை' என்ற அகில இந்தியக் கருத்தரங்கு பத்து நாட்களுக்கு மேல் நடந்தது. ஆயர்கள், குருக்கள், துறவியர், பொதுநிலையினர் என்று ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடினர். அதற்கு முன்பே நாட்டின் பல பகுதிகளிலும் ஆயத்தக் கூட்டங்கள் நடத்திக் கருத்துத் திரட்டினார்கள். இதற்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர் நம் தென்னார்க்காட்டு மண்ணின் மைந்தர் அமலோற்பவதாஸ் அடிகளார். ஆயர் அருகில் ஆசிரியர் அமர்ந்து தம் கருத்தைச் சொன்னது அன்று பெரும் புதுமை. பின்னர் 1990-இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபையைச் சமூகங்களின் கூட்டுறவாகக் கண்டனர். நம் தெருக்களில் இன்று அன்பியங்கள் கூடுவதற்கு அந்தச் சிந்தனையும் ஒரு வேர்.

இனி, நாம் கண்ணால் கண்ட கதைக்கு வருவோம். 2021 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் உலகத் திருச்சபை முழுவதையும் கூடிப் பேச அழைத்தார். கேள்விகள் ஒவ்வொரு பங்கிற்கும் வந்தன. இணையத்தின் வழியே நடந்த தனி முயற்சி ஒன்றில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினர். கோவில் பக்கம் வருவதை நிறுத்திவிட்டவர்களும் அதில் இருந்தார்கள். 2023 அக்டோபரில் உரோமையில் கூடிய மன்றத்தில் ஆயர்கள் வரிசை நாற்காலிகளில் அமரவில்லை. மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராக வட்ட மேசைகளில் அமர்ந்தனர். ஐம்பத்து நான்கு பெண்களுக்கு வாக்குரிமை இருந்தது. முதற்சுற்றில் ஒவ்வொருவரும் பேச வேண்டும், பிறர் மறுமொழி கூறலாகாது, பிறகு மௌனம். அடுத்த சுற்றில் தாம் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், பிறர் சொன்னதில் தம்மைத் தொட்டது எது என்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் இம்முறையைக் கொண்டுவந்தால் பாதி வழக்குகள் திண்ணையிலேயே முடிந்துவிடும்! 2024 அக்டோபர் 26 அன்று, மன்றத்தின் இறுதி ஆவணத்தைத் திருத்தந்தை அப்படியே ஏற்று வெளியிட்டார். தனியாகத் தம் ஏடு எதுவும் எழுதவில்லை.

நமது பங்கில் அக்கேள்விகளைப் பேச 2022 சனவரியில் நாள் குறித்திருந்தோம். கொரோனா மூன்றாம் அலை வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கோவிலைத் திறக்கக் கூடாது என்று அரசு உத்தரவு. ஆகவே இளைஞர்கள் கைப்பேசி வழியே கூட்டம் கூட்டினார்கள். ஆத்தூர் சாலைக் கடையிலிருந்து ஒருவர், குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பிலிருந்து ஒருவர், சேகோ ஆலையின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் என்று அறுபதுக்கும் மேற்பட்ட முகங்கள். இலவச இணைப்பு ஒரு மணி நேரத்தில் தானே அறுந்துவிடும் என்பதால் நாம் அவசரப்படுத்தினோம். பாடற்குழுவினரும் ஆசிரியர்களும் நன்றாகப் பேசினர். நல்ல கைப்பேசி உள்ளவரே நன்றாகப் பேசினர் என்றும் சொல்லலாம். உத்திரமேரூரின் கால் வேலி நிலம் அப்போது நமக்கு நினைவுக்கு வரவில்லை.

பேரனின் கைப்பேசியில் ஒரு பாட்டியம்மாளும் வந்திருந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. மைக் மூடியிருந்தது. மூன்று நான்கு நிமிடங்கள் அவர் பேசியிருப்பார். நாம் தலையை ஆட்டி, "நன்றி அம்மா" என்று சொல்லி அடுத்தவரை அழைத்தோம். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது. அன்றிரவே இரண்டு பக்க அறிக்கை எழுதி, 'மக்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று முடித்து அனுப்பியும் விட்டோம்.

ஒரு வாரம் கழித்து, மனம் உறுத்தியதால், அவர் வீட்டிற்குச் சென்று அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். உரித்துக்கொண்டிருந்த பாக்கைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொன்னது இது:

"போன வருஷம் கொரோனாவுல எங்க வீட்டுக்காரர் செத்தப்ப, தூக்கறதுக்கு நம்ம சனம் ஒருத்தரும் வரல சாமி. அவருக்கு அந்தச் சீக்குகூட இல்ல, வயசாகிப் போனவரு. கிழங்கு வெட்ட வந்திருந்த வெளியூர் ஆளுங்க நாலு பேருதான் தூக்கினாங்க. அவங்க நம்ம வேதங்கூட இல்ல. பூசையில நாமெல்லாம் ஒரே குடும்பம்னு சொல்றீங்களே, அந்தக் குடும்பம் எந்தத் தெருவுல இருக்குதுன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல."

நமது அறிக்கையில் இது இல்லை. அனுப்பியது அனுப்பியதுதான். அவர் இசைவு தந்ததால், பெயரின்றி இம்மலரில் அச்சிடுகிறோம். அவர் தெருவில் இப்போது மாதம் ஒருமுறை அன்பியம் கூடுகிறது. அவர் வீட்டுத் திண்ணைதான் இடம். கூட்டத்தில் முதலில் பேசுபவர் அவரே. நாம் கடைசியில் பேசுகிறோம்.