தள்ளிக்கொண்டு போன ராஜ்தூத்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் தோழர்கள் மூன்றாம் பிரிவைத் திறந்து பாருங்கள். 1989-இல் வந்த இந்தச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தத்தில் புதிதாகச் சேர்ந்த குற்றங்களில் ஒன்று இது: பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது. அதே வரியில் செருப்பு வருகிறது, புதுத்துணி வருகிறது, கல்யாண ஊர்வலத்துக் குதிரையும் வருகிறது.

முதன்முதலாகப் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இது சிரிப்பாக இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு ஒரு சட்டமா என்று கேட்பார்கள். நடக்காத ஒன்றை எந்தச் சட்டமும் பட்டியல் போடாது. அந்தச் சொல் சட்டப் புத்தகத்துக்குள் வந்து சேர எத்தனை தெருக்களைக் கடக்க வேண்டியிருந்தது என்பது எழுதப்பட வேண்டிய வரலாறு. அதில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறோம். எங்கள் பகுதி, பழைய வண்டியைப் பழுது பார்த்த பகுதி.

முதலில் அண்ணல் அம்பேத்கர் ஏறிய இரண்டு வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1901-இல் சிறுவனாக இருந்தபோது, அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். கோரேகானில் வேலை பார்க்கும் அப்பாவிடம் போக மாட்டு வண்டி தேவை. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் வரவில்லை. கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொள்கிறான், அதற்கும் ஒரு நிபந்தனை. பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான்.

இரண்டாவது வண்டி 1929-இல், சாலிஸ்கானில். அப்போது அவர் பாரிஸ்டர். பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவின் உறுப்பினராகப் பயணம் போனவர். ஊர் மகார் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைக்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். வண்டியைத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். தலைவரை நடக்க விடக்கூடாது என்று எண்ணி, வண்டியோட்டிப் பழக்கமில்லாத ஒருவரையே மக்கள் கடிவாளம் பிடிக்க வைத்தார்கள். பாலத்தில் சக்கரம் கல்லில் மாட்டியது. அவர் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. தன் மரியாதையைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரையே ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்று அவர் பிறகு எழுதினார். அதில் கோபம் மக்கள்மேல் இல்லை. சாதாரண வண்டிக்காரன்கூட ஒரு பாரிஸ்டரைவிடத் தன்னை உயர்ந்தவனாக நினைக்க வைக்கும் சாதிமேல்தான்.

இதை எங்கள் படிப்பு வட்டங்களில் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறோம். வண்டி கிடைத்தது, ஓட்டத் தெரிந்த கை கிடைக்கவில்லை. சாதி, வண்டியை மட்டும் பூட்டி வைக்கவில்லை. வண்டியைப் பற்றிய அறிவையும் சேர்த்துத்தான் பூட்டி வைத்திருந்தது.

மோட்டார் சைக்கிள் இந்தியாவில் யாருக்கு வந்தது என்று பாருங்கள். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா புல்லட்டைக் கொண்டுவந்தது. ராணுவமும் போலீசும் அதில் போயின. 1961-இல் மைசூரில் ஜாவா, 1962-இல் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். ராஜ்தூத் போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் வழிவந்தது, 175 சி.சி., டூ ஸ்ட்ரோக். அழகான வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். (1973-இல் வந்த ‘பாபி’ படத்தில் ஓடியது அதன் குட்டித் தம்பி, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.) ஆனால் மண் ரோட்டில் ஓடும், இரண்டு மூட்டை ஏற்றினாலும் ஓடும். நிலம் இருந்தவர்களும் பால் வியாபாரிகளும் அதை வாங்கினார்கள். லைசென்ஸ் ராஜ்ஜியக் காலத்தில் ஒரு ஸ்கூட்டருக்கே பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள் என்றால், கூலி வாங்கும் சேரிக்குப் புது வண்டி எங்கிருந்து வரும்?

1980-இல் டிவிஎஸ் 50 வந்தது. 1984, 85-இல் ஜப்பான் கூட்டில் இண்ட் சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 எல்லாம் வரிசையாக வந்தன. நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் புது வண்டிக்கு மாறினார்கள். ராஜ்தூத் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. அங்கிருந்துதான் அது எங்களிடம் வந்தது.

1997-இல் காலனியைச் சேர்ந்த ஐந்து பேர் சேர்ந்து 4,500 ரூபாய்க்கு அதை வாங்கினோம். அறுவடைக் கூலி, ஒருவருடைய கல்லூரி உதவித்தொகை, ஒரு அக்காவின் காதிலிருந்த தோடு. வாங்கிய இடத்திலிருந்து காலனிக்குத் தள்ளிக்கொண்டுதான் வந்தோம், ஏனென்றால் அது ஓடவில்லை. ஊர்த்தெரு வழியாகத்தான் பாதை. கோயில் முக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். “இரும்புக் கடைக்கா?” என்று ஒருவர் கேட்டார். யாரும் தடுக்கவில்லை.

சைக்கிளுக்கு அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கோயில் முக்கு வந்ததும் எங்கள் அப்பாக்கள் இறங்கிவிடுவார்கள். தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், அதற்குப் பிறகு ஏறுவார்கள். ஓடாத ராஜ்தூத் அந்தச் சட்டத்துக்குத் தானாகவே கட்டுப்பட்டிருந்தது. அதை நாங்கள் ஓட வைத்த பிறகுதான் ஊருக்குப் பிரச்சினை வந்தது.

ஓட வைப்பது சுலபமாக இல்லை. ஊரில் ஒரு மெக்கானிக் இருந்தார். காலையில் வண்டியை விட்டால் சாயங்காலம்வரை எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிகளை எல்லாம் பார்ப்பார். எங்கள் முறை வந்ததும் விளக்கு வைத்துவிடுவார்கள், நாளைக்கு வா என்பார். மூன்று நாள் அப்படி அலைந்தோம். பிறகு ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு டவுனுக்குப் போனோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பாய், வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். “காசு இல்லைன்னா நீங்களே கழட்டுங்கப்பா, நான் சொல்றேன்” என்று ஸ்பேனரை எங்கள் கையில் கொடுத்தார். ஒருவர் ஒரு கருவியை எங்கள் கையில் நேராகக் கொடுத்தது எங்களில் சிலருக்கு அதுதான் முதல்முறை.

அவர் சொல்லித் தந்த வரிசை இன்றைக்கும் மனப்பாடம். வண்டி நின்றால் பதறக்கூடாது. பெட்ரோல் வருகிறதா, நெருப்பு வருகிறதா, அமுக்கம் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கார்ப்பரேட்டர் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் சொட்டுகிறதா தெரியும். பிளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டர் ஹெட்டில் சாய்த்து வைத்து ஒருவர் கிக் அடிக்க வேண்டும். நீலமாக வெட்டினால் நல்ல நெருப்பு. பிளக் துவாரத்தை விரலால் மூடிக் கிக் அடித்தால் விரலைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கும், லேத்தில் போர் செய்யச் செலவு.

பிளக்கின் நிறத்தையும் படிக்கக் கற்றுக்கொண்டோம். கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம், வெளுத்திருந்தால் இன்ஜின் சூடு, காப்பிப் பொடி நிறம் சரி. டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். ஆயில் விலைக்குப் பயந்து குறைத்தால் ஓடும்போதே பிஸ்டன் ஜாம் ஆகும், கூட்டினால் சைலன்சரில் கரி அடைக்கும். எங்கள் வண்டியின் முக்கிய நோயே அதுதான். முன்பிருந்தவர் பல வருடமாகச் சைலன்சரைக் கழற்றவே இல்லை. உள்குழாயை உருவி விறகு அடுப்பில் போட்டு எரித்தோம், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். ஒரு கூடை கரி வந்தது என்று சொன்னால் மிகைதான், ஆனால் ஒரு படிக்குக் குறையாது. கார்ப்பரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தாதே, துளை பெரிதாகிவிடும், வாயால் ஊது என்பார் பாய். பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை. அங்கே வேலை பார்த்த எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் கிளச் பிளேட்டை மஞ்சள் பையில் போட்டு அனுப்பி வைத்தார். காற்றடிக்கும் பம்புக்குத் தோல் வாசர் தேய்ந்தபோது மட்டும் நாங்கள் யாரையும் கேட்கவில்லை. காலனித் தாத்தா ஒருவர் பழைய செருப்பிலிருந்து வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினார். அந்தத் தொழிலை இழிவு என்று சொன்ன ஊரில், வண்டி அன்றைக்கு அவர் கையால்தான் ஓடியது.

ஓடத் தொடங்கிய முதல் வாரமே கோயில் முக்கில் நிறுத்தினார்கள். சத்தம் அதிகம், மாடு மிரளுகிறது என்றார்கள். அதே வண்டி அவர்கள் வீட்டில் இருபது வருடம் அதே சத்தத்தோடு ஓடியதுதான். இறங்கித் தள்ளச் சொன்னார்கள். அன்றைக்கு வண்டியில் இருந்த இருவரும் இறங்கவில்லை. அடி வாங்கினார்கள். ஹெட்லைட் உடைந்தது. அதையும் நாங்களே மாற்றினோம்.

வேறொரு பழுதும் இருந்தது, அதற்கு ஸ்பேனர் உதவாது. ஆர்.சி. புத்தகம் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. எங்களுக்கு அது தெரியாது, விற்றவர் கையெழுத்துப் போடுவதைத் தள்ளிக்கொண்டே போனார். ரோட்டில் போலீஸ் நிறுத்தினால், பெயர் ஒன்று, ஓட்டுபவன் ஒருவன், அவனும் காலனிப் பையன். திருட்டு வண்டியா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தோழர் ஒரு ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். பழைய வண்டி வாங்கும் தம்பி தங்கைகள் இன்ஜினைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். பணம் கொடுக்கும் அதே நேரத்தில் இரண்டு படிவத்திலும் கையெழுத்து வாங்குங்கள்.

1999-இல் ஒரு ராத்திரி. பக்கத்துக் காலனியில் ஒரு அக்காவை அடித்துவிட்டார்கள். உள்ளூர் ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை. வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது 1995 விதிகளின் ஏழாம் விதி. டி.எஸ்.பி. அலுவலகம் 22 கிலோமீட்டர். கடைசிப் பேருந்து போய்விட்டது. புகாரை எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ராஜ்தூத்தில் இருவர் கிளம்பினோம். ஏரிக்கரையில் வண்டி நின்றது.

பெட்ரோல் இருந்தது. பிளக்கைத் துடைத்துப் பார்த்தால் நெருப்பு இல்லை. டார்ச் வெளிச்சத்தில் மூடியைக் கழற்றினால் காண்டாக்ட் பாயின்ட் கருகியிருந்தது. உப்புத்தாள் இல்லை. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்துப் பாயின்ட்டுக்கு இடையில் விட்டுத் தேய்த்தோம். இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். அளவுத் தகடு இல்லாததால் கண் கணக்குத்தான். ஏழாவது உதையில் பிடித்தது. புகார் அன்றைக்கே பதிவேட்டில் ஏறியது. வழக்கு பிறகு பிறழ் சாட்சிகளால் நீர்த்துப்போனது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் “அன்றே புகார் தரப்படவில்லை, ஆகவே புனைந்தது” என்ற வழக்கமான வாதத்தை மட்டும் எதிர்த்தரப்பால் வைக்க முடியவில்லை.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்று குடும்பம் சொன்னது. செய்தியைப் படித்த அன்று எங்கள் ஐவரில் மிச்சமிருக்கும் மூவரும் போனில் பேசிக்கொண்டோம். யாரும் அதிகம் பேசவில்லை.

இப்போதைய வண்டிகளில் பாயின்ட் கிடையாது, தீப்பெட்டியால் தேய்த்து ஓட வைக்க முடியாது. பழுதைச் சொல்லவே ஒரு கருவி வேண்டியிருக்கிறது. போன மாதம் காலனிப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து பழைய ஸ்பிளெண்டர் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள். அதில் கார்ப்பரேட்டர் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை படிப்பு வட்டம் முடிந்ததும் அதைக் கழற்றப் போகிறோம். பிளக் ஸ்பேனர் எங்களிடம் இருக்கிறது, பழைய துணி மட்டும் யாராவது கொண்டுவாருங்கள்.