ஊசி போடாத பிள்ளைக்கு டாக்டர் கிடையாதா?

போன சாரல் சீசனுக்குக் குற்றாலம் போயிருந்தேன். தங்கினது தென்காசியில, மதினி வீட்டுல. அருவியில குளிச்சுட்டு வந்து பார்த்தா, மதினி முகமே சரியில்ல. பிள்ளைக்குக் காய்ச்சல்னு வழக்கமா பார்க்கிற குழந்தை டாக்டர்கிட்ட போயிருக்காங்க. அவர் மருந்து எழுதிக் கொடுத்துட்டு, ஊசி கார்டைப் பார்த்து, "தட்டம்மை ஊசி போட மாட்டீங்கன்னா இனி இங்க கூட்டிட்டு வராதீங்கம்மா"ன்னு சொல்லிட்டார். வேண்டாம்னு நின்னது எங்க அண்ணன். காரணம், வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோ.

இது புதுச் சண்டை இல்லங்க. தென்காசியிலிருந்து 8 கிலோமீட்டர்ல செங்கோட்டை. 1956-ல மொழிவாரி மாநிலம் பிரிக்கிற வரைக்கும் அது மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில இருந்த ஊர். முன்னாடி அது திருவிதாங்கூர் ராஜ்ஜியம்.

அங்க 1813 வாக்குல ராணி கௌரி லட்சுமி பாய் பெரியம்மைக்குத் தடுப்பூசி கொண்டு வந்தாங்க. ஜனங்க பயந்தாங்க. அம்மை வந்தா வேப்பிலை கட்டி அம்மனைக் குளிர வைக்கிற ஊர்ல, மாட்டுக்கிட்ட இருந்து வந்த அம்மைப்பாலைக் குத்துறதுன்னா? அதுவும் அந்தக் காலத்துல ஒரு பிள்ளையோட கைக்கொப்புளத்துல இருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவாங்க. யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதின்னு கேள்வி வரும். ராணி என்ன செஞ்சாங்க? தனக்கும் அரண்மனைக் குடும்பத்துக்கும் முதல்ல குத்திக்கிட்டாங்க.

கட்டாயம் பிறகுதான் வந்தது. 1879 அரசாணைப்படி அரசு ஊழியர், கைதிகள், மாணவர்கள் எல்லாரும் குத்திக்கணும். கை நீட்டிக் காட்டினதுக்கும் ஆணைக்கும் நடுவுல 60 வருஷத்துக்கு மேல.

இப்போ டாக்டர் பக்கமும் பார்ப்போம். நம்ம அட்டவணையில தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் டோஸ் 9 மாசம் முடிஞ்சுதான். அதுக்குக் கீழ உள்ள கைக்குழந்தைகளும் அதே ஹால்லதான் காத்திருக்கும். தட்டம்மை வந்த பிள்ளை எழுந்து போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை காத்துல நிற்கும். 2016-ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட, பேசிப் பார்த்தும் மறுக்கிற குடும்பத்தை விலக்குறது ஏத்துக்கக்கூடிய வழிதான்னு சொல்லிடுச்சு.

ஆனா விலக்கின பிள்ளை எங்க போகும்? ஊசி போடாத பிள்ளைதான் டாக்டருக்குப் பக்கத்துல இருக்கணும்.

2017 பிப்ரவரி 6-ல தமிழ்நாட்டுல தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கினப்போ உங்கள்ல பல பேர் ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. 9 மாசம் முதல் 15 வயசு வரை, ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைங்க இலக்கு. அப்பவும் வாட்ஸ்அப் வதந்தி. பெற்றோர் பயந்ததால முகாமை மார்ச் வரை நீட்டிச்சாங்க. டாக்டர்களும் சுகாதாரப் பணியாளர்களும் திரும்பத் திரும்பப் பேச வேண்டியிருந்தது.

எங்க வீட்டுலயும் அதுதான் நடந்தது. மதினி, தெரு பக்கம் வர்ற சுகாதார நர்ஸைக் கூப்பிட்டாங்க. அவங்க உட்கார்ந்து, "அந்த வீடியோவைக் காட்டுங்க அண்ணாச்சி, நானும் பாக்கேன்"னாங்க. முழுசாப் பார்த்தாங்க. பிறகு ஒவ்வொண்ணுக்கா பதில் சொன்னாங்க. அண்ணன் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. ரெண்டு புதன்கிழமை கழிச்சு, அவரே பிள்ளையைத் தூக்கிட்டுப் போனார்.

அந்த டாக்டர் மேல எனக்குக் கோபமில்ல. அவர் ஹால்ல இருந்த கைக்குழந்தைகளை நினைச்சுப் பேசினார். ஆனா அந்த வீடியோவை அவரும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

உங்க வீட்டுல இப்படி நடந்திருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.